சோலார் பந்தயக் கார்: ஆயிரம் வாட்டுக்குள் ஓட்டுவது எப்படி

முதலில் ஒரு கணக்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய சக்தி சுமார் 1000 வாட். காரின் மேல் பேனல் பதிக்க 4 சதுர மீட்டர் இடம் இருக்கிறது, நல்ல சிலிக்கான் செல் அதில் 24 சதவீதத்தை மின்சாரமாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது 960 வாட். துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம், அவ்வளவுதான். அதை வைத்து ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓட வேண்டும். ஓடவும் முடிகிறது, எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

குழு ஒன்று கூடி சோலார் கார் கட்டலாம் என்று பேச ஆரம்பித்ததும் முதலில் எழும் கேள்வி, எந்த பேனல் வாங்கலாம் என்பது. உண்மையில் அது ரொம்பப் பின்னால் வர வேண்டிய கேள்வி. ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3000 கி.மீ. ஓடும் பந்தயத்தையே பாருங்கள். 1987-ல் முதல் பந்தயத்தை வென்ற ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சராசரியாக மணிக்கு 66.9 கி.மீ. வேகத்தில் ஓடியது. 2005-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர்களின் நூனா 3 சராசரி 102.75 கி.மீ. தொட்டதும், பொதுச் சாலையில் இது அதிகம் என்று பேனல் பரப்பைக் குறைத்தார்கள். முதலில் சுமார் 8 சதுர மீட்டர் இருந்தது, 6 ஆகி, 2017-ல் 4 ஆனது. அப்படியும் 2023-ல் வென்ற பெல்ஜிய மாணவர் அணி 88 கி.மீ. சராசரியில் வந்து சேர்ந்தது. இடையில் சோலார் செல்களும் மேம்பட்டன என்பது உண்மைதான், ஆனால் கூடவே காரின் உடம்பு, டயர், மோட்டார், பேட்டரி எல்லாவற்றிலும் வீணாகும் வாட்டைப் பிடித்துப் பிடித்து நிறுத்தினார்கள். உங்கள் வேலையும் அதுதான்.

வாட் எங்கே போகிறது

சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போகும் காரைப் பின்னுக்கு இழுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று காற்று. இன்னொன்று, டயர் நசுங்கி நசுங்கி மீள்வதால் வரும் உருளல் எதிர்ப்பு. டயர் தின்னும் வாட் வேகத்தோடு நேராகக் கூடும். காற்று தின்னும் வாட் வேகத்தின் மும்மடியில் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு கொடுக்க வேண்டும்.

எண்ணாகப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து எடை 250 கிலோ, டயரின் உருளல் எதிர்ப்புக் கெழு 0.003, காற்றுத் தடைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கி வருவது 0.1 சதுர மீட்டர். (சாதாரண காருக்கு இந்தக் கடைசி எண் 0.6 பக்கம் இருக்கும்.) 60 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு 278 வாட், டயருக்கு 123 வாட், மொத்தம் 400. 80-ல் காற்றுக்கு 658, டயருக்கு 163, மொத்தம் 820. 100-ல் காற்றுக்கே 1286, டயருக்கு 204, மொத்தம் 1490. உச்சி வெயிலிலேயே பேனல் 960 வாட்தான் தருகிறது, ஆகவே 100-ல் ஓடினால் ஒவ்வொரு நிமிடமும் பேட்டரியைக் கரைத்துக்கொண்டுதான் ஓடுகிறீர்கள்.

இப்போது அந்த 0.1-ஐ 0.09 ஆக்குங்கள். 80 கி.மீ. வேகத்தில் 66 வாட் மிச்சம். அதே 66 வாட்டை பேனலிலிருந்து எடுக்க வேண்டுமானால் 24 சதவீத செல்லுக்குப் பதில் 25.7 சதவீத செல் வேண்டும், அதற்குப் பெரும் பணம் போகும். உடம்பில் என்றால் சக்கர மூடியையும் இணைப்பு விளிம்புகளையும் ஒழுங்காகச் செய்தாலே வந்துவிடக் கூடிய அளவு அது. இன்னொன்றையும் கவனியுங்கள், எடையில் 10 கிலோ குறைத்தால் அதே வேகத்தில் மிஞ்சுவது வெறும் 6.5 வாட். மேடு ஏறும்போதும் வேகம் பிடிக்கும்போதும் எடை வலிக்கும்தான், ஆனால் சமதள நெடுஞ்சாலையில் காற்றோடு ஒப்பிட்டால் அது சின்ன எதிரி. போல்ட்டில் துளை போட்டு கிராம் குறைப்பதில் ஒரு மாதத்தைக் கழிக்கும் குழுக்கள் இருக்கின்றன, பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆக முதல் வேலை, ஒரு விரிதாளைத் திறந்து உங்கள் போட்டியின் விதி அனுமதிக்கும் பேனல் பரப்பு, பேட்டரி அளவு, தூரம், நாள் எல்லாவற்றையும் போட்டு இந்தக் கணக்கைச் செய்வது. விதிகள் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும், ஒரே பந்தயத்தில் ஆண்டுக்கு ஆண்டும் மாறும், ஆகவே கலந்துகொள்ளப் போகும் ஆண்டின் விதிப் புத்தகத்தைக் குழுவில் எல்லோரும் படித்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வது போதாது.

உடம்பும் சக்கரமும்

முன்பெல்லாம் மேசைப் பலகை மாதிரித் தட்டையான மூன்று சக்கரக் கார்கள்தான் அதிகம். ஆஸ்திரேலியப் பந்தயத்தில் 2013-ல் நான்கு சக்கரம் கட்டாயமானதும் ஓட்டுநரை ஒரு பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு நீள்கூடுகளுக்கு நடுவே காற்று ஓட வழிவிடும் வடிவம் பரவியது. பேனல் சிறிதானதும் ஒல்லியான தோட்டா வடிவம் வந்தது. எது சரி என்று பொதுவாகச் சொல்ல முடியாது, விதி தரும் பேனல் பரப்புதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

முதல் முறை கட்டும் குழுவுக்கு நான் சொல்வது: கணினியில் காற்றோட்டக் கணக்கீடு செய்யுங்கள், ஆனால் அது தரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். கணினிக்குள் இருக்கும் காரில் மூடி இடுக்கு இல்லை, செல்லின் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்பதில்லை, மூக்கில் பூச்சி அடித்து ஒட்டியிருப்பதில்லை. நல்ல வடிவத்தில் காற்று உடம்போடு வழுக்கிச் சீராகப் போகும். முன்பகுதியில் ஒரு சின்னக் கரடு இருந்தாலும் அந்த இடத்திலிருந்து பின்னால் ஒரு விசிறி போலக் கலங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூக்கைத் துடைக்கிறார்கள், மேல்மூடியும் அடிப்பகுதியும் சேரும் கோட்டை மெல்லிய டேப் போட்டு மூடுகிறார்கள்.

உடம்பு கார்பன் ஃபைபரில் செய்யப்படும். இரண்டு மெல்லிய கார்பன் அடுக்குகளுக்கு நடுவே தேன்கூடு அமைப்புள்ள அட்டையோ நுரைப் பலகையோ வைத்துச் செய்தால் எடை ஏறாமல் விறைப்பு கிடைக்கும். முதலில் காரின் முழு உருவத்தையும் கெட்டி நுரையில் கடைந்து, தேய்த்து, மெருகேற்றி, அதன் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் கார்பன் துணியை அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் மூடி வெற்றிடப் பம்பால் காற்றை உறிஞ்சி, சூட்டில் இறுக வைக்க வேண்டும். சொல்ல ஒரு வாக்கியம்தான், செய்ய மாதக்கணக்கில் ஆகும், அதிலும் பெரும்பகுதி உப்புத்தாள் வேலை. கார்பனைத் தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் இல்லாமல் யாரையும் பட்டறைக்குள் விடாதீர்கள்.

டயர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். சோலார் காருக்கென்றே குறைந்த உருளல் எதிர்ப்புள்ள மெல்லிய டயர்கள் இருக்கின்றன; அவற்றை அதிக அழுத்தத்தில் ஓட்ட வேண்டும், சீக்கிரம் தேயும், பஞ்சரும் ஆகும், ஆகவே சக்கரத்தைச் சில நிமிடங்களில் மாற்றக் குழு பழக வேண்டும். அதைவிட முக்கியம் சக்கர நேர்நிலை. முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் துளி கோணலாக இருந்தாலும் டயர் உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே வரும், நீங்கள் உடம்பில் மிச்சம் பிடித்த வாட்டெல்லாம் அங்கே போய்விடும். பேரிங்கில் இருக்கும் கெட்டி கிரீஸைக் கழுவிவிட்டு இலேசான எண்ணெய் விடுவது சோலார் கார் வட்டாரத்தில் பழைய வழக்கம்.

பக்கக் காற்றை மறந்துவிடாதீர்கள். இலேசான, உயரமான சக்கர மூடியுள்ள கார் பாய்மரம் போல நடந்துகொள்ளும். 2019 ஆஸ்திரேலியப் பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த, நெதர்லாந்தின் இன்னொரு மாணவர் அணியான டுவென்டேயின் காரைப் பலத்த காற்று சாலையை விட்டே தள்ளிவிட்டது. எதிரே நீண்ட டிரெய்லர் லாரி கடக்கும்போதும் ஒரு தள்ளு, உடனே ஓர் இழுப்பு இருக்கும். காற்றுத் தடை குறைந்த வடிவம் கிடைத்துவிட்டதென்று அதைத் தேர்ந்தெடுக்கும் முன், பக்கவாட்டில் காற்று அடித்தால் கார் எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும் என்பதையும் கணக்கிட்டுவிடுங்கள்.

பேனல்

4 சதுர மீட்டருக்கு வழக்கமான அளவுள்ள செல் சுமார் 260 பிடிக்கும். ஒவ்வொரு செல்லும் தரும் மின்னழுத்தம் 0.6 வோல்ட் அளவுதான், அதனால் பல செல்களை வரிசையாகத் தொடராக இணைப்பார்கள். தொடர் இணைப்பில் ஒரு தொல்லை உண்டு: முழு வரிசையிலும் ஓடும் மின்னோட்டத்தை இருப்பதிலேயே குறைந்த வெளிச்சம் பெறும் செல்தான் தீர்மானிக்கும். ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடிக் கூண்டின் நிழல் ஒரே ஒரு செல்மேல் பாதி விழுந்தாலும் அந்த வரிசையே பாதியாகிவிடும். இதற்கு பைபாஸ் டையோடு போட்டு நிழல்பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போக வழி செய்வார்கள். அதோடு, வளைந்த உடம்பில் இடப்பக்கம் பார்க்கும் செல்லையும் வலப்பக்கம் பார்க்கும் செல்லையும் ஒரே வரிசையில் சேர்க்கக் கூடாது. ஒரே திசை பார்ப்பவை ஒரே வரிசையில். காலையில் கிழக்குப் பக்கத்துச் செல்கள் முழுவீச்சில் இருக்கும்போது மேற்குப் பக்கத்தவை தூங்கும், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இரண்டும் தூங்கும்.

ஒவ்வொரு வரிசைக்கும் எம்.பி.பி.டி. எனப்படும் ஒரு பெட்டி வேண்டும். வெயிலும் வெப்பமும் மாற மாற, எந்த மின்னழுத்தத்தில் இழுத்தால் அதிக வாட் வருமோ அந்த இடத்தை ஓயாமல் தேடிக்கொண்டிருப்பதும், வரும் மின்னழுத்தத்தை பேட்டரியின் அளவுக்கு ஏற்றுவதும் அதன் வேலை. நல்ல பெட்டியில் இழப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான், முதல் காருக்கு இதைச் சொந்தமாக வடிவமைக்க ஆசைப்படாதீர்கள், வாங்கிவிடுங்கள்.

செல்லுக்குச் சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் செல் சுமார் 0.3 சதவீத வாட்டை இழக்கும், 65 டிகிரியில் 12 சதவீதம் காலி. ஓடும்போது காற்று ஓரளவு குளிர வைக்கும், வெயிலில் நிற்கும்போதுதான் சுடும். அப்புறம், செல் என்பது காகிதம் போல மெல்லிய சிலிக்கான் துண்டு, ஒரு விரல் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மேல்மூடியைத் தூக்க எங்கெங்கே பிடிக்க வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து ஒத்திகை பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: பேனலுக்கு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் படும் வரை அதன் கம்பி முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். கம்பி வேலை செய்யும்போது தடித்த கறுப்புத் துணியால் முழுசாக மூடிவிட்டுத் தொடுங்கள்.

பேட்டரி: இங்கே மட்டும் அவசரம் கூடாது

லித்தியம் அயான் உருளை செல்தான் பரவலாகப் பயன்படுவது, பழைய மடிக்கணினிகளில் இருந்ததே, அந்த 18650 வகை. ஒன்று சுமார் 48 கிராம், 12 வாட்-மணி தேக்கும். 14 செல்லைப் பக்க இணைப்பில் ஒரு கட்டாக்கி, அப்படி 28 கட்டுகளைத் தொடராக இணைத்தால் 392 செல், செல் எடை மட்டும் 19 கிலோவுக்குள், மின்னழுத்தம் 100 வோல்ட் அளவு, சேமிப்பு 4.7 யூனிட். 80 கி.மீ. வேகத்தில் இருட்டில் ஓடினால்கூட ஆறு மணி நேரம் கிட்ட வரும்.

நூறு வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும். இணைப்பு விலகினால் எழும் தீப்பொறி தானாக அணையாமல் நின்று எரியும். பேட்டரிப் பெட்டியைத் திறக்கும்போது மோதிரம், கடிகாரம், சங்கிலி எல்லாம் கழற்றி வைத்தாக வேண்டும், காப்பிட்ட கருவிகளும் கையுறையும் கட்டாயம், தனி ஆளாக யாரும் வேலை செய்யக் கூடாது. இதில் எவ்வளவு அனுபவசாலிக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள்.

பேட்டரிக்குக் காவல் பி.எம்.எஸ். எனப்படும் கண்காணிப்புச் சுற்று. ஒவ்வொரு கட்டின் மின்னழுத்தத்தையும், பல இடங்களின் வெப்பத்தையும், மொத்த மின்னோட்டத்தையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். எந்தக் கட்டாவது 4.2 வோல்ட்டுக்கு மேல் போனாலோ 2.5-க்குக் கீழே இறங்கினாலோ சூடு எல்லை தாண்டினாலோ கான்டாக்டரை (பேட்டரியை மற்றவற்றோடு இணைக்கும் பெரிய மின் சுவிட்ச்) திறந்து எல்லாவற்றையும் துண்டித்துவிடும். பந்தயத்தின் நடுவே அப்படித் துண்டித்தால் குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார், எல்லையைக் கொஞ்சம் தளர்த்தி வைப்போமே என்று. தளர்த்தாதீர்கள். 2019 பந்தயத்தின் கடைசி நாளில், அடிலெய்டை நெருங்கும் நேரத்தில், முதலிடத்தில் இருந்த டெல்ஃப்ட் அணியின் கார் தீப்பிடித்து எரிந்துபோனது. ஓட்டுநர் காயமின்றித் தப்பினார். அத்தனை பட்டம் வென்ற, அவ்வளவு அனுபவமுள்ள அணிக்கே அது நடந்தது.

கான்டாக்டரை மூடும் முன் ஒரு மின்தடை வழியாக, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் மின்தேக்கியை மெதுவாக நிரப்ப வேண்டும், இதை விட்டுவிட்டால் ஒரே கணத்தில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து கான்டாக்டர் முனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அவசரத்தில் துண்டிக்க வேண்டிய நேரத்தில் அது துண்டிக்காது. அவசர சுவிட்ச் ஒன்று ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்திலும், இன்னொன்று வெளியே இருப்பவர் எட்டும் இடத்திலும் இருக்கட்டும்.

மோட்டார், பிரேக், ஓட்டுநர்

மோட்டார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்துக்குள்ளேயே பொருத்தும் பிரஷ் இல்லாத மோட்டார்தான் வழக்கம், கியரோ செயினோ கிடையாது, ஆகவே அங்கே இழப்பும் கிடையாது. நல்ல மோட்டார் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் 97 சதவீதம் வரை சக்கரத்துக்குக் கொடுக்கும். இறக்கத்திலும் வேகம் குறைக்கும்போதும் அதே மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்குத் திருப்பித் தரும், ஆனால் நீண்ட சமதளச் சாலையில் பிரேக் பிடிப்பதே அபூர்வம், அதனால் இதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். டிஸ்க் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக இருக்க வேண்டும், பட்டை டிஸ்க்கில் உரசாமல் முழுசாக விலகுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள்.

ஓட்டுநர் கூண்டுக்குள் ஏசி கிடையாது, உள்ளே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும், குடிக்கத் தண்ணீர் குழாய் வழியே. காற்றுத் துளை வைத்தால் காற்றுத் தடை கூடும் என்று வடிவமைப்பாளர் முணுமுணுப்பார், வையுங்கள். ஓட்டுநருக்கு மயக்கம் வந்துவிட்டால் எத்தனை வாட் மிச்சம் பிடித்தும் பயனில்லை. யார் உதவியும் இல்லாமல் சில வினாடிகளில் வெளியே வர முடிகிறதா என்று பந்தயத்துக்கு முன் சோதிப்பார்கள், உங்கள் குழுவில் இருப்பதிலேயே உயரமான ஓட்டுநரை வைத்து அதைப் பழகுங்கள்.

குழுவும் நாள்கணக்கும்

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், உடம்பு, வியூகம், பணமும் பயணமும் என்று ஐந்து கை வேண்டும். சண்டை எங்கே வரும் என்றால் கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்: பேட்டரிப் பெட்டிக்கு எலக்ட்ரிக்கல் கேட்ட இடமும் உடம்புக் குழு விட்ட இடமும் நான்கு சென்டிமீட்டர் ஒத்துவராது. எல்லோரும் ஒரே கணினி மாதிரியில் வேலை செய்ய வேண்டும், வாரம் ஒரு முறை அதைத் திரையில் போட்டு எல்லோரும் பார்க்க வேண்டும்.

கட்டுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. கடைசி மூன்றில் ஒரு பங்கை ஓட்டிப் பார்க்க ஒதுக்குங்கள். அதற்கு உடம்பு தயாராகும் வரை காத்திருக்க வேண்டாம், இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர் மூன்றையும் கட்டி அசிங்கமான ஒரு வண்டியை ஆறு மாதத்தில் ஓட்டிவிடுங்கள், மென்பொருள் கோளாறில் பாதி அதிலேயே வெளியே வந்துவிடும். உண்மையான கார் வந்ததும் காற்றில்லாத விடியற்காலையில், சமதளச் சாலையில், ஒரே வேகத்தில் இரு திசையிலும் ஓட்டி எத்தனை வாட் இழுக்கிறது என்று பதியுங்கள். விரிதாளில் எழுதிய எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கும். வியூகத்துக்கு இனி அளந்த எண்தான்.

சாலையில்

சோலார் கார் தனியாகப் போவதில்லை. முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. பின்வண்டியில் வியூகக்காரர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். காரின் வேகம், பேனல் வாட், மோட்டார் வாட், பேட்டரி நிலை எல்லாம் ரேடியோ வழியே அவருக்கு வந்துகொண்டே இருக்கும், அவர் சொல்லும் வேகத்தை ஓட்டுநர் குரூஸ் கன்ட்ரோலில் வைப்பார்.

எந்த வேகம்? விடை ஆச்சரியமானது: கூடியமட்டும் ஒரே வேகம். ஒரு மணி நேரம் 60-லும் அடுத்த மணி நேரம் 100-லும் ஓடினால் 160 கி.மீ. போவீர்கள், செலவு 1890 வாட்-மணி. இரண்டு மணி நேரமும் 80-ல் ஓடினாலும் அதே 160 கி.மீ., செலவு 1640. வித்தியாசம் 250 வாட்-மணி, 80-ல் ஓடினால் 24 கி.மீ. தூரம் அது. மும்மடிக் கணக்கின் வேலை. மேகம் வந்தால் பதறி வேகத்தைக் குறைக்கத் தோன்றும், ஆனால் குறைத்தால் நிழலுக்குள் அதிக நேரம் இருப்பீர்கள். பேட்டரியில் தெம்பு இருந்தால் அதே வேகத்தில், முடிந்தால் ஒரு துளி கூடுதலாக, மேகத்தைக் கடந்துவிடுவதுதான் சரி.

நாள் கணக்கு இப்படிப் போகும். காலை 8 முதல் மாலை 5 வரை ஓட்டம், சராசரி வெயில் சதுர மீட்டருக்கு 700 வாட் என்றால் பேனல் தருவது 6 யூனிட். 80-ல் ஒன்பது மணி நேரம் ஓட 7.4 யூனிட். தினமும் 1.4 யூனிட் துண்டு விழுகிறது. அதில் ஒரு பகுதியைத்தான் மாலை 5 மணிக்கு மேலும் மறுநாள் காலை 8-க்கு முன்பும் மீட்கிறார்கள்: கார் நின்ற உடனே மேல்மூடியைக் கழற்றி, தாழ்ந்த சூரியனுக்கு நேர் எதிரே சாய்த்துப் பிடிப்பார்கள். தட்டையாகக் கிடந்தால் சாய்ந்த வெயில் வழுக்கிக்கொண்டு போய்விடும், நேராகக் காட்டினால் சூரியன் அடிவானத்தைத் தொடும் வரை ஏதோ வந்துகொண்டிருக்கும். சாய்த்துப் பிடிக்கும் தாங்கியை முன்பே செய்து, எந்தக் கோணத்துக்கும் நிற்கும்படி வைத்திருங்கள். காற்றுக்கு மூடி கவிழாமல் இருக்க இரண்டு பேர் பக்கத்திலேயே நிற்கட்டும்.

மீதித் துண்டு பேட்டரியின் முதலிருப்பிலிருந்து நாளுக்கு நாள் குறையும். பேட்டரியில் மிச்சம் வைத்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டினால் அந்த மிச்சத்தை வேகமாக மாற்றாமல் விட்டுவிட்டீர்கள் என்று பொருள்; கடைசி நாள் மதியமே தீர்ந்துபோனால் வெறும் பேனல் வாட்டில் ஊர்ந்து வர வேண்டியிருக்கும். அதனால் கடைசி இரண்டு நாளும் வானிலை முன்னறிவிப்பு மாறும்போதெல்லாம் கணக்கைத் திரும்பப் போட்டு, வேகத்தை ஒன்று இரண்டு கி.மீ. அளவில் மட்டும் ஏற்றி இறக்குங்கள். நகர எல்லைக்குள் சிக்னலில் நின்று நின்று போக ஒரு சிறு பங்கைத் தனியாக ஒதுக்கி வைக்கவும் மறக்காதீர்கள்.